செஞ்சியில் ஒரு ஹெரால்டு: வண்டி மையிலிருந்து வீல் பேரிங் வரை

போன மாசி மாதம் செஞ்சியில் ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்சக்கரத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். கார் என்னுடையது இல்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது, அவருடைய அப்பா வாங்கியது. திண்டிவனம் போய்விட்டுத் திரும்பும்போது இடதுபக்க முன்சக்கரத்திலிருந்து உம்மென்று ஒரு சத்தம் வருகிறதாம். வலப்பக்கம் வளைத்தால் சத்தம் கூடுகிறது, இடப்பக்கம் வளைத்தால் அடங்கிவிடுகிறது.

"வீல் பேரிங் சார், சந்தேகமே வேணாம்" என்றார் மேஸ்திரி. எழுபதைத் தாண்டியவர். பட்டறையை இப்போது அவருடைய அக்கா மகன் பார்த்துக்கொள்கிறார். ஹெரால்டு மாதிரி வண்டி வந்தால் மட்டும் பெரியவரை வீட்டிலிருந்து கூட்டி வருகிறார்கள். வண்டி வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது, தேய்ந்த பேரிங் அப்போதுதான் கத்தும். எந்தப் பக்கம் வளைத்தால் சத்தம் கூடுகிறது என்று கேட்டாலே பாதி வைத்தியம் முடிந்தது என்பது அவர் கணக்கு.

அன்றைக்கு அந்த வேலை பேரிங்கோடு முடியவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

செஞ்சியைப் பற்றி எழுதுகிறவன் கோட்டையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று எழுதாத விதி ஒன்று இருக்கிறது. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்த பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. நானும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஆனால் 1690 முதல் 1698 வரை ஜுல்ஃபிகர் கான் இந்த ஊரை முற்றுகையிட்டுக் கிடந்த காலத்தை யோசித்துப் பாருங்கள். பீரங்கி, வெடிமருந்து, தானியம் என்று எல்லாம் மாட்டைக் கட்டித்தான் வந்து சேர்ந்தாக வேண்டும். ரயில் இன்றைக்கும் செஞ்சிக்குக் கிடையாது. இந்த ஊருக்கு வந்தது எல்லாம் சாலையில் உருண்டு வந்ததுதான். அப்படியிருக்க உருளும் சக்கரத்தின் நடுவில் என்ன இருந்தது என்ற கேள்வியும் ஊர் வரலாறுதானே.

மாட்டு வண்டியிலிருந்து தொடங்குகிறேன். மரச்சக்கரத்தின் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டா. குடத்தின் துளைக்குள் இரும்பு அச்சு போகும். சக்கரம் கழன்று ஓடாமல் இருக்க அச்சின் முனையில் கடையாணி. அச்சும் குடமும் நேரடியாக உரசுகிற ஏற்பாடு இது. உருளுவது சக்கரம், நடுவில் நடப்பது வெறும் தேய்ப்பு. அந்தத் தேய்ப்பைக் குறைக்கத்தான் வண்டி மை: வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தது. மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். கடையாணியை உருவி, சக்கரத்தை வெளியே இழுத்து, அச்சு முழுக்க மையைத் தடவி மறுபடி தள்ளுவார்கள். மை வற்றிய வண்டி வருவது தெருமுனையிலேயே கேட்கும். கிரீச் கிரீச்சென்று போகிற வண்டிக்காரனை ஊரே கேலி செய்யும்.

இதே விளக்கெண்ணெயை வைத்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டின் கம்பெனி 1909-ல் காஸ்ட்ரால் என்ற பெயரை உண்டாக்கியது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து வந்த பெயர் அது. விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் போன எண்ணெயும் மல்லாட்டை மூட்டை ஏற்றிய நம்ம ஊர் வண்டிக்குப் போன எண்ணெயும் ஒரே செடியின் கொட்டையிலிருந்து வந்தவை.

தேய்ப்பை உருட்டலாக மாற்றலாம் என்ற யோசனைக்கு வயது அதிகம். 1794-ல் வேல்ஸ் நாட்டின் கார்மார்தனைச் சேர்ந்த பிலிப் வான் என்பவர் வண்டி அச்சுக்குள் இரும்புக் குண்டுகளை ஓடவிடும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் குண்டுகளை ஒரே அளவில், ஒரே கடினத்தில் செய்ய அந்தக் காலத்தில் ஆகவில்லை. அது சைக்கிள் வந்த பிறகுதான் நடந்தது. 1869-ல் பாரிஸில் ஜூல் சுரிரே சைக்கிள் சக்கரத்துக்குப் பால் பேரிங் செய்தார். அதே வருஷம் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் அந்த பேரிங் போட்ட வண்டியில்தான் ஜெயித்தார்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கும் பேரிங்கைக் காட்டிக்கொடுத்தது சைக்கிள்தான் என்று நினைக்கிறேன். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது. அதற்கு முன்பே சீமைச் சைக்கிள்கள் வந்துவிட்டன. வாடகை சைக்கிள் கடையில் வேலை செய்த எந்தப் பையனுக்கும் கப்பும் கோனும் பால்ஸும் தெரியும். கோனை இறுக்கினால் சக்கரம் கட்டிப் போகும், தளர விட்டால் ஆடும். இறுக்கிவிட்டு ஒரு நூல் பின்னால் விட வேண்டும். அந்த ஒரு நூலைச் சொல்லித் தர முடியாது, கைதான் படிக்கணும். மேஸ்திரி காந்தி பஜாரில் ஒரு சைக்கிள் கடையில் பத்து வயதில் சேர்ந்து இதைப் படித்தவர்.

அடுத்து வந்தது டயர் வண்டி. மரச்சக்கரத்துக்குப் பதிலாகக் காற்றடைத்த டயர், இரும்பு அச்சு, அதன் இரண்டு முனையிலும் பேரிங். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன மாடுகள் இதனால் கொஞ்சம் மூச்சு விட்டன. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டயர் வண்டியிலும் அதற்குப் பிறகு வந்த லாரியிலும் டிராக்டரிலும் சக்கரத்துக்குப் போட வேண்டியது கிரீஸ். எண்ணெய் அல்ல. வைக்கோல் கரியின் இடத்தில் சோப்பு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணெயைச் சோப்பில் கட்டிப்போட்டால் கிரீஸ். 1940-களில் லித்தியம் சோப்பு போட்ட கிரீஸ் வந்த பிறகு சூட்டுக்கும் தண்ணீருக்கும் தாங்க ஆரம்பித்தது. நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் கன்னை வை, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடி. பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பையனுக்குச் சொல்லித் தருகிற பாடம் இது.

இப்போது ஹெரால்டு.

1953-ல் தீர்வை ஆணையத்தின் பரிந்துரைக்குப் பிறகு இந்தியாவிலேயே உற்பத்தி செய்யத் திட்டம் உள்ள கம்பெனிகளுக்குத்தான் இடம் என்று ஆயிற்று. வெறுமனே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிப் போயின. மிஞ்சிய கார்கள் மூன்று: கல்கத்தாவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தில் கோவன்ட்ரியின் ஸ்டாண்டர்டு கம்பெனியும் சேர்ந்து தொடங்கியது. தொழிற்சாலை ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம். அங்கிருந்து அதே சாலையில் திண்டிவனம் வரை வந்து மேற்கே திரும்பினால் 28 கிலோமீட்டரில் செஞ்சி. அந்த வகையில் ஹெரால்டு எங்கள் சாலையில் பிறந்த கார்.

ட்ரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜொவானி மிக்கெலோட்டி. மற்ற கம்பெனிகள் உடலையும் சட்டத்தையும் ஒன்றாகச் செய்ய ஆரம்பித்துவிட்ட காலத்தில் இது தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாக உடலைப் பூட்டிய கார். அவர்களுக்கு உடல் செய்து கொடுத்த கம்பெனி போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால் வந்த நெருக்கடி அது. ஆனால் அப்படித் துண்டாகப் பூட்டுவது வெளிநாடுகளில் காரைச் சேர்த்துக் கட்ட வசதியாகப் போயிற்று. 1961-லிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் கட்டினார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு சலூனுக்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் செய்தது. பெண்கள் பின்சீட்டில் ஏறி இறங்க வேண்டும் என்ற நம்ம ஊர்த் தேவையை அந்தத் தொழிற்சாலை கேட்டது என்பதற்கு அது அடையாளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஹெரால்டை ஏன் ஸ்போர்ட்ஸ் காரோடு சேர்த்துப் பேசுகிறோம் என்றால், அதன் சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். முன்சக்கர அமைப்பு அதேதான். லோட்டஸ் கம்பெனி அதே வருஷம் கொண்டுவந்த எலானிலும் முன்சக்கரத்தைத் தாங்கியது ட்ரையம்பிலிருந்து வாங்கிய அதே வகைத் தண்டு. எடை குறைவு, விலை குறைவு, கடையில் கிடைக்கும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். சென்னை மோட்டார் பந்தயச் சங்கம் 1953-ல் தொடங்கியது. அவர்கள் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியபோது ஃபியட்டோடு ஹெரால்டும் ஓடியது. ஆக, செஞ்சிப் பட்டறையில் ஜாக்கி மேல் நின்ற இந்தக் காரின் முன்சக்கரம் குடும்பத்தில் கொஞ்சம் பெரிய இடத்துச் சொந்தம் உள்ளதுதான்.

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் டிரம், அதைக் கழற்றினால் ஹப். நடுவில் சின்ன மூடி, அதைத் தட்டி எடுத்தால் உள்ளே காடி வெட்டிய நட்டும் அது சுழலாமல் இருக்க ஸ்பிலிட் பின்னும். பின்னை நிமிர்த்தி உருவும்போது மேஸ்திரி சொன்னார், "இதுதான் சார் நம்ம கடையாணி. அன்னிக்கும் இதுதான், இன்னிக்கும் இதுதான்." பழைய பின்னை ஒருபோதும் திரும்பப் போடக் கூடாது என்று பையனைப் பார்த்துச் சொன்னார். எட்டணா மிச்சம் பிடிக்கப் போய் சக்கரம் தனியாக ஓடின கதை அவரிடம் நிறைய உண்டு.

ஹப்புக்குள் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், வெளியே சின்னது, உள்ளே பெரியது. குண்டுக்குப் பதிலாகக் கூம்பு வடிவ உருளைகள். இதைச் சாத்தியமாக்கியவர் ஹென்றி டிம்கென் என்ற ஜெர்மனியில் பிறந்த அமெரிக்க வண்டிக் கம்பெனிக்காரர். 1898-ல் காப்புரிமை வாங்கினார். அவர் யோசித்ததும் குதிரை வண்டிக்காகத்தான், காருக்காக அல்ல. சக்கரத்தின் மேல் பாரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வளைவில் பக்கத்திலிருந்தும் தள்ளுகிறது. சாதாரணக் குண்டு பேரிங் இந்தப் பக்கத் தள்ளலுக்கு அவ்வளவாகத் தாங்காது. சாய்ந்த உருளைகள் இரண்டு திசையையும் வாங்கிக்கொள்ளும். இரண்டு பேரிங்கை எதிரும் புதிருமாக வைத்தால் சக்கரம் எந்தப் பக்கமும் நகராது. இந்தியாவில் பேரிங் செய்யத் தொடங்கியது ஜெய்ப்பூரில், 1946-ல் ஆரம்பித்த நேஷனல் பேரிங் கம்பெனி. ஸ்வீடனின் எஸ்.கே.எஃப். புனேயில் 1965-ல் தொழிற்சாலை போட்டது. இந்தச் சின்ன வளையத்துக்கு உலகம் கொடுத்த மதிப்புக்கு ஒரு உதாரணம்: 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் பேரிங் ஆலைகளை அடிக்கப் போய் அமெரிக்கர்கள் ஒரே நாளில் 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்தார்கள்.

டீசலில் கழுவி வெளிச்சத்தில் காட்டினார். உள் பேரிங்கின் கப்பில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். உருளைகள் நீலம் பாய்ந்திருந்தன, சூடேறினதற்கு அடையாளம். உள்பக்கம் இருந்த ஃபெல்ட் சீல் வெறும் பஞ்சாகி, அதன் வழியே தண்ணீர் இறங்கியிருக்கிறது. பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படித்து, செல்போனில் படம் எடுத்து சென்னைக்கு அனுப்பினார்கள். காரின் பெயரைச் சொன்னால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சிரிப்பார்கள், எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பேரிங் விஷயத்தில் இது ஒரு புண்ணியம். கார் செத்துப் போனாலும் எண் உயிரோடு இருக்கும்.

மறுநாள் பேரிங் பஸ்ஸில் வந்தது. பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினார். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு ஹப்பைக் கீறிவிடும். புதுக் கப்பை அதே மாதிரி நிதானமாக உட்கார வைத்தார். அடித்தளத்தில் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும், டொக் டொக் என்பது டிங் என்று ஆகும். பேரிங்குக்குக் கிரீஸ் போடுவதைப் பார்க்க அழகாக இருந்தது. இடது உள்ளங்கையில் கிரீஸ் உருண்டை, வலது கையில் பேரிங். அதன் அகலமான விளிம்பை உள்ளங்கையில் அழுத்தி அழுத்தி இழுக்க, உருளைகளுக்கு நடுவே கிரீஸ் புழு மாதிரி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். மேலே பூசுவது வேறு, உள்ளே ஏற்றுவது வேறு. வெளிமூடியில் கிரீஸை நிரப்பக் கூடாது. நிரப்பினால் சூட்டில் விரிந்து சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்கில் வழியும்.

பிறகு அந்த ஒரு நூல் விவகாரம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை லேசாக இறுக்கி, கட்டியானதும் ஒரு முகம் பின்னால் திருப்பி, காடியும் துளையும் சேரும் இடத்தில் பின்னைப் போட வேண்டும். உள்ளே அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி நிற்க வேண்டும். மேஸ்திரியிடம் அளக்கும் கருவி எதுவும் இல்லை. சைக்கிள் கோனில் படித்த கை.

எல்லாம் முடித்து சக்கரத்தை மாட்டி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். ஆடியது.

புது பேரிங் போட்டும் ஆடுகிறதே என்று பையன் நட்டை இன்னும் இறுக்கப் போனான். "டேய், இரு. உள்ள ஏறி பிரேக்கை மிதி" என்றார் பெரியவர். பிரேக்கை மிதித்தால் டிரம்மும் தண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் பேரிங்கில் இருந்தால் நின்றுவிடும். பையன் மிதித்தான். ஆட்டம் நிற்கவில்லை.

ஹெரால்டின் முன்சக்கரம் நின்றவாக்கில் ஒரு எஃகுத் தண்டில் இருக்கிறது, வெர்டிகல் லிங்க் என்பார்கள். மேல் முனையில் பந்து மூட்டு. கீழ் முனை மரை வெட்டியது. டிரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் அது திருகி இறங்குகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் அந்த மரையில்தான் திரும்புகிறது, போல்ட்டில் நட்டு திரும்புகிற மாதிரி. இந்த மரைக்கு வேண்டியது எண்ணெய். கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற கெட்டியான ஆயில். கிரீஸ் போட்டால் மேலோடு நின்றுவிடும், மரையின் அடி வரை இறங்காது. இறங்காத இடத்தில் மழைத்தண்ணீர் நிற்கும், எஃகு துருவேறித் தேயும், ஒரு நாள் மரையின் மேல்பக்கத்தில் முறியும். பெரும்பாலும் வேகத்தில் முறிவதில்லை. மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் முறிந்து சக்கரம் காருக்கு அடியில் மடங்கும். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது அதன் பெருமை. அவ்வளவு ஒடிப்பதும் இந்த மரையில்தான்.

கழற்றிப் பார்த்தார்கள். டிரனியன் முழுக்க காய்ந்து கருத்த கிரீஸ். அதற்குக் கீழே துரு. மரையின் மேல் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். ஆசிரியர் பங்குனி விடுமுறையில் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை போகத் திட்டம் போட்டிருந்தார். அந்தக் கீறலைப் பார்த்தவர் பக்கத்திலிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை.

யார் கிரீஸ் போட்டது என்று கேட்டால், எல்லாரும்தான். ஐம்பது வருஷமாக எத்தனையோ பட்டறை. ஆசிரியர் வீட்டுக்குப் போய் அப்பாவின் பெட்டியிலிருந்து ஆங்கிலக் கையேட்டைக் கொண்டுவந்தார். அதில் தெளிவாக இருந்தது: டிரனியனில் உள்ள திருகு மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் நிப்பிளைப் பூட்டி, கிரீஸ் கன்னில் கியர் ஆயிலை நிரப்பி, ஆயில் வெளியே வரும் வரை அடிக்கவும். அதாவது நிப்பிள் கிரீஸ் நிப்பிள், கருவி கிரீஸ் கன், உள்ளே மட்டும் ஆயில். இதை எழுதியவரைக் கொண்டுவந்து நம்ம ஊர் ஆயுத பூஜை அன்று பட்டறையில் உட்கார வைக்கணும் போலிருந்தது. வண்டி மையில் தொடங்கி டயர் வண்டி, லாரி, டிராக்டர் என்று வந்த கைக்கு நிப்பிளைக் கண்டால் கிரீஸ்தான் தோன்றும். இதைப் பட்டறைக்காரரின் அறியாமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏற்கெனவே தெரிந்திருந்த சரியான பாடம் ஒன்று இந்த ஒரு இடத்தில் தப்பாகப் போயிற்று. கையேடு கார் வாங்கியவரின் பெட்டியில் இருந்தது, கார் பட்டறையில் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

அதே தண்டு லோட்டஸில் ஓடியபோது பந்தயத்துக்குப் பந்தயம் கழற்றிப் பார்த்தார்கள். இங்கே சத்தம் வந்தால்தான் கழற்றுவோம், டிரனியன் சத்தமே போடாது. ஹெரால்டுக்குச் சக்கரம் மடங்குகிற வண்டி என்ற கெட்ட பெயர் வந்த கதை இதுதான்.

மாற்றுத் தண்டு கிடைக்கப் பத்து நாள் ஆயிற்று. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்காக டிரனியன் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், ஆனால் வரவழைக்க நாளாகும். புதுப்பேட்டையில் தேடி, கடைசியில் சென்னையில் ஹெரால்டு வைத்திருக்கும் ஒருவர் தன்னிடம் இருந்த ஓடாத ஜோடியைத் தந்தார். முதலில் வந்த பார்சலைப் பிரித்தால் வலதுபக்கத்துத் தண்டு. இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர். மறுபடி பஸ், மறுபடி பார்சல்.

காத்திருந்த நாட்களில் மேஸ்திரி பின்சக்கரக் கதையைச் சொன்னார். ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். இரண்டு பக்கத்து ஆக்ஸிலும் நடுவிலிருந்து தனித்தனியாக மேலும் கீழும் ஆடும், குறுக்காக ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை. பின் ஹப், கூம்பாகச் சீவிய ஆக்ஸில் முனையில் இறுகிப் பிடித்திருக்கும். அதைக் கழற்றக் கம்பெனியின் கனமான புல்லர் வேண்டும். அது பெரிய டீலரிடம்தான் இருக்கும். மற்றவர்கள் ஆக்ஸில் முனையைச் சுத்தியால் அடிப்பார்கள், கேஸ் வைத்துச் சூடு காட்டுவார்கள், மரை நசுங்கும். உள்ளே இருக்கும் நீடில் பேரிங்கின் ஊசிகள் நேராக ஆக்ஸில் மேலேயே ஓடுகின்றன. பேரிங் போனால் ஆக்ஸிலையும் தின்றுவிட்டுத்தான் போகும். மேஸ்திரி லாரிச் சட்டத்து இரும்பை வெட்டி சொந்தமாக ஒரு புல்லர் செய்து வைத்திருந்தார். இரண்டு ஆள் நாலடிக் குழாயைப் பிடித்துத் திருகினால் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு ஹப் விடுபடுமாம்.

இந்தப் புலம்பல் பெருங்களத்தூர் வரை போயிருக்கிறது. 1972-ல் ஸ்டாண்டர்டு கம்பெனி கெஸல் என்ற காரைக் கொண்டுவந்தது. ஹெரால்டின் அதே 948 சிசி எஞ்சின், ஆனால் பின்னால் ஸ்விங் ஆக்ஸில் போய் அம்பாசடர் மாதிரி ஒரே கட்டையான ஆக்ஸில். இங்கே வாங்கியவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஸ்விங் ஆக்ஸில் பிடிக்காததுதான் காரணம். பொறியியல் பார்வையில் பார்த்தால் தனித்தனியாக ஆடும் சக்கரத்தை விட்டுவிட்டுப் பழைய முறைக்குப் போனது பின்னடைவு என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. நான்கு கதவு எப்படி ஏறி இறங்குகிறவர்களின் தேவையிலிருந்து வந்ததோ, அப்படி இது கழற்றி மாட்டுகிறவர்களின் தேவையிலிருந்து வந்தது. கோவன்ட்ரியில் வரைந்த ஆக்ஸிலை மாற்ற வைத்ததில் பெயர் தெரியாத எத்தனையோ சின்ன ஊர்ப் பட்டறைகளுக்குப் பங்கு இருக்கிறது. கெஸல் நிறைய ஓடவில்லை. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000-மும் நிற்கவில்லை. 1988-ல் தொழிற்சாலை நின்றது, 2006-ல் இடம் ஏலம் போயிற்று.

பங்குனி பிறந்து ஒரு வாரத்தில் சரியான தண்டு வந்தது. டிரனியனைக் கழுவி, கியர் ஆயிலில் ஊறவைத்து, மரை முழுக்க ஆயில் ஏறுகிற மாதிரி முன்னும் பின்னும் திருகி மாட்டினார்கள். வலதுபக்கத்தையும் கழற்றிப் பார்த்தார்கள், கிரீஸ் இருந்தது, கீறல் இல்லை. மேஸ்திரி பழைய கிரீஸ் கன் ஒன்றைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து அதில் ஆயிலை நிரப்பி ஆசிரியர் கையிலேயே கொடுத்துவிட்டார். "இது உங்க வீட்லயே இருக்கட்டும் சார். எங்க கடைக்குக் கொண்டு வந்தீங்கன்னா எவனாவது கிரீஸை ஏத்திடுவான்."

பையன் வெள்ளை பெயின்டை எடுத்து, இரண்டு முன்சக்கரத்துக்கும் உள்ளே, டிரனியனுக்கு மேலே கண்ணில் படுகிற இடத்தில் எழுதினான்: ஆயில் மட்டும். எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆசிரியர் குனிந்து இரண்டையும் படித்துப் பார்த்துவிட்டு, "மட்டும்ங்கிறதை இன்னும் கொஞ்சம் பெருசா எழுது தம்பி" என்றார்.